தளபதி குதிரையேறிய வரலாறு

"ஐயா ஒரு தடவை நிஜக் குதிரைமேல ஏறி உட்காருங்க" என்று தளபதியிடம் கேட்டேன். படைத் தலைமையகத்தின் ஓவியப் பிரிவில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது என்று தற்காலிகப் பணியில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஒரு நாட்டின் மானம் தளபதியின் குதிரை ஓவியத்தில்தான் இருக்கிறது, குதிரையில் இல்லை.

கண்காணிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. "என்னம்மா, படிச்ச பொண்ணுதானே நீ?"

"படிச்சதாலதான் சார் கேக்கிறேன். தொடை எங்க மடங்கும்னு தெரிய வேண்டாமா?"

தளபதி பெருந்தன்மையானவர். "குதிரை பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல்மா. போருக்கே ஜீப்லதான் போனேன்" என்றபடி சோபாவின் கைப்பிடிமேல் ஏறி, இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார். வாளுக்கு ஓர் அளவுகோல். போர்க்களக் காற்றுக்கு மேசை விசிறி, மூன்றாம் எண்ணில். நாற்பது நாள் நீடித்த இந்த 'முற்றுகை'யில் சோபா ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை.

படம் முடிந்ததும் 'வீரத்தோற்ற ஆய்வுக் குழு' கூடியது. குதிரையின் கண்ணில் நாட்டுப்பற்று போதுமா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பிறகு ஓர் உறுப்பினர் குளம்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"யார் இவன், கம்பை ஊன்றிக்கிட்டு?"

"எங்க அண்ணன் சார். அந்தப் போர்லேருந்து நடந்தே வீடு வந்து சேர்ந்தவன். பதினோரு நாள்."

"வெற்றிப் படத்துல நொண்டியா? புல்லை வரைஞ்சு மூடு."

கண்காணிப்பாளர் என் பணி நிரந்தர ஆணையை மேசைமேல் விரித்தார். தளபதியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "உங்க வீட்டுலயே முதல் டிகிரி நீ. நாலு புல்லு வரைஞ்சா என்ன குறைஞ்சுபோகும்? உங்க அண்ணனே சந்தோஷப்படுவாரு."

தளபதி பேனாவைத் திறந்தபடி கனிவோடு கேட்டார்: "இவனை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அன்னைக்குப் போர்க்களத்துல இவனையும் மத்தவங்களையும் அங்கேயே விட்டுட்டு நீங்க ஜீப்ல ஏற எவ்வளவு நேரம் ஆச்சுங்க ஐயா?"

குழு ஒருமனதாகத் தரையைப் பார்த்தது.

அண்ணனை வரைந்த அன்றே எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை அந்த ஆணையின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். தளபதியின் வேகத்தை மட்டும் யாரும் சந்தேகிக்க வேண்டாம். போர்க்களத்திலிருந்து அவர் திரும்பி வந்த வேகத்தை எந்தக் குதிரையாலும் எட்ட முடியாது.