எலோராவில் ஓவர்டைம்

ஒரு சனிக்கிழமையாவது மனிதனாக வாழ்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

என்னுடைய சனிக்கிழமைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. விடிய ஆறு மணிக்கே என் மனைவி ஜோசப்பின் வேலைக்குப் போய்விடுவாள். போகுமுன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியலை ஒட்டுவாள். உடுப்புத் தோய்க்க வேண்டும். கார்ப்பெற் கூட்ட வேண்டும். மீன் வெட்ட வேண்டும். மோசேக்குக் கிடைத்தவை பத்துக் கட்டளைகள். எனக்குப் பதினாலு.

அந்த ஒக்ரோபரில்தான், கனடாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த தமிழ்க் கடையில் கிடந்த பத்திரிகையில் விளம்பரத்தைக் கண்டேன். 'ஒருநாள் சுற்றுலா. எலோரா மலைப்பிளவு, மெனனைற் மக்களின் கைவேலை, கிராமத்துச் சாப்பாடு. தமிழில் விளக்கம் உண்டு.' எலோராவுக்கு எல்லோரும் போக, நான் மட்டும் மீன் வெட்டுவதா? கடைக்கு வெளியே இருந்த போனிலேயே ஒரு சீற் பதிந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜோசப்பின் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வாற சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம்,” என்றேன்.

“ஓமே?”

“பெட்டி ஓர்டர் மலைபோல வந்து குவிஞ்சு கிடக்கு. நான் போகாட்டி ஃபக்ரறியே நிண்டுபோம்.”

“பாவம் நீங்கள். அப்ப சாப்பாடு கட்டி வைக்கட்டே?”

“கரைச்சல் படாதையும்.”

“இதில என்ன கரைச்சல். உழைக்கிற மனுசன்.”

வெங்காயம் வெட்டியது அவள். கண் கலங்கியது எனக்கு. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று அரை நிமிடம் வருந்தினேன். அதற்கு மேல் வருந்த நேரமில்லை. போட்டுக்கொண்டு போகத் தொப்பி தேட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை எழும்பிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. மேசையில் புட்டும் மீன் பொரியலும் கட்டி வைத்திருந்தாள். பொதியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பகுதியான வோபர்னில் பஸ் நின்ற பிளாசாவுக்கு ஓடினேன். ஜன்னல் ஓரச் சீற் கிடைத்தது. பக்கத்தில் கமலாம்பிகை அன்ரி என்றொரு அம்மா, மடியில் ஒரு சுடுதண்ணிப் போத்தலோடு வந்து இருந்தார்.

“தனியவோ தம்பி வந்தனீர்?”

“ஓம் அன்ரி.”

“வீட்டுக்காரி வரேல்லையோ?”

“அவவுக்கு உதுகள் சரிவராது அன்ரி. பஸ் ஓடினாலே தலை சுத்தும். ரெண்டு வெள்ளைக்காரரைக் கண்டால் வாய் திறவாது. எல்லாம் நான்தான் பாத்துக் கதைக்கிறது.”

“அப்ப உமக்குப் பெரிய பாரம்.”

“என்ன செய்யிறது அன்ரி. சமாளிக்கிறன்.”

“கைட் வந்திட்டா,” என்று முன்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் சொன்னது கைட். எனக்கு விளங்கியது கைது.

சிவப்பு ஜக்கெற். கழுத்தில் அடையாள அட்டை. கையில் மைக். ஜோசப்பின்.

“எல்லாருக்கும் காலை வணக்கம். என்ர பேர் ஜோசப்பின். இண்டைக்கு நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்.” பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். என் பெயர் வந்தது. கண்கூட இமைக்கவில்லை. “அல்பேட். தனி ஆள். எங்க இருக்கிறியள்? கையை உயத்துங்கோ, அல்பேட் அண்ணை.”

கட்டின புருசனை அண்ணை என்றாள். உயர்த்தினேன்.

“நல்ல களையான பிள்ளை,” என்றார் அன்ரி. “தெரிஞ்ச ஆளோ தம்பி?”

“இல்லை அன்ரி,” என்றேன். பேதுருவும் இப்படித்தான் மறுதலித்தார். சேவல் கூவாதது ஒன்றுதான் குறை.

எலோராவில் இறங்கினோம். மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. சுண்ணாம்புக்கல் பாறை இரண்டாகப் பிளந்து, அடியில் ஆறு ஓடியது. பாறை வெடிப்பில் வளைந்து நின்ற சீடர் மரங்களைக் காட்டி, இத்தனை சின்னதாகத் தெரிந்தாலும் சிலவற்றுக்கு நூற்றுக்கணக்கான வயது என்றாள் ஜோசப்பின். நாற்பது பேரும் வாய் பிளந்தார்கள். என் வாயும் திறந்துதான் இருந்தது. வீட்டில் அவள் பேசும்போது இத்தனை ஆண்டில் நான் ஒருமுறை நிமிர்ந்து கேட்டிருப்பேனா?

“இனிப் படியால கீழ இறங்கப் போறம். கைப்பை, குடை எல்லாத்தையும் அல்பேட் அண்ணையிட்டக் குடுங்கோ. நல்ல மனுசன். இல்லை எண்டு சொல்ல மாட்டார்.”

ஏழு கைப்பை, மூன்று குடை, ஒரு சுடுதண்ணிப் போத்தல். இயற்கையின் அதிசயத்தை நான் கைப்பைகளின் இடுக்கால் பார்த்தேன்.

அடுத்தது, இன்னும் பழைய முறைப்படியே வாழும் மெனனைற் கிறிஸ்தவர்களின் பண்ணை வீடு ஒன்று. துண்டு துண்டாக வெட்டிய துணிகளைப் பொருத்திக் கையாலேயே தைத்த போர்வைகள். அந்த வீட்டம்மாவோடு ஜோசப்பின் ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். ஊசி போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு தையல் தையலைப் பற்றிப் பேசினால் நேரம் போவது தெரியாது. பெரிய போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு மட்டும் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ, அண்ணை.”

மத்தியானம் நீள மேசையில் சாப்பாடு. சூடான பாண், சீஸ், ஊறுகாய் போட்ட பீற்றூட், மேலே சர்க்கரைத் தூள் உதிர்ந்த, ‘பை’ என்கிற இனிப்புப் பணியாரம். எனக்கு முன்னால் மட்டும் சாப்பாட்டுக் கோப்பை இல்லை.

“ஒராள் வீட்டுச் சாப்பாடு கொண்டு வாறார் எண்டு நான் முதலே சொல்லிப்போட்டன்,” என்றாள் ஜோசப்பின், என்னைப் பார்க்காமல்.

புட்டைப் பிரித்தேன்.

பிறகு முற்றத்தில் ஒரு செம்புக் கிடாரத்தைக் காட்டினார்கள். அதில் ஆப்பிளும் ஆப்பிள் சாறும் மணிக்கணக்காகக் கொதித்து, கறுத்து, பாணில் பூசும் பதத்துக்கு வருமாம். இடையில் கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடுமாம். ஆளுயர அகப்பை ஒன்று இருந்தது. ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்கள் குதிரை வண்டி பார்க்கப் போனார்கள். நான் கிண்டினேன். ஜோசப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எப்ப தெரியும்?” என்றேன்.

“செவ்வாய்க்கிழமை. லிஸ்ட் வந்த உடனை.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஏன் சொல்லேல்லை?”

“அது கிடக்கட்டும். கைட் வேலை எண்டு நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.”

“சனிக்கிழமையில வேலை எடுத்திருக்கிறன் எண்டு ஆறு மாசத்துக்கு முதல் சொன்னனான். என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கேல்லை.”

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லைத்தான். அகப்பையைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினேன்.

அவள் ஒரு துண்டுப் பாணில் அந்தச் சூடான கூழைப் பூசி என் வாயில் வைத்தாள். கறுவாப்பட்டை மணத்தது. நாக்குச் சுட்டது. ஆனாலும் அப்படி ஒரு ருசியை நான் கனடாவில் கண்டதில்லை.

“நல்லாச் செய்யிறீர்,” என்றேன். “சமையலைச் சொல்லேல்லை. வேலையை.”

அவள் முகம் மேப்பிள் மரம்போல் சிவந்தது. கையை என் தோளில் வைத்துவிட்டு, “நிப்பாட்டாதையுங்கோ, அடிப்பிடிக்கும்,” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டும் கைதட்டலும். கை தூக்க முடியாததால் நான் தட்டவில்லை. பிளாசாவில் இறங்கும்போது கமலாம்பிகை அன்ரி வாசலில் நின்று ஜோசப்பினைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, உந்தத் தம்பி உங்கட கொம்பனி ஆளோ? சொன்னதெல்லாம் செய்யிறார்.”

“இல்லை அன்ரி. என்ர மனுசன். இருபத்திரண்டு வருசமாப் பழக்கிறன்.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜோசப்பினின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

“மனந்தளராதையும் பிள்ளை,” என்றார்.