பார்மோசாக்காரர் ராஜினாமாவும் எங்கள் தெருக் குழாயும்

786

பேகம்பூர், திண்டுக்கல்
12-6-1964

பத்திரிகை நடத்தும் பெரிய மனிதர் ஆசிரியர் அவர்களுக்கு, ரொட்டிக்கடை மைதீன் பிச்சை சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே என் தங்கை வீட்டைத் தவிர யாவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

தைவான் என்கிற பார்மோசாத் தீவில் கட்சிப் பிரமுகராக இருக்கும் லியோ பூ சாங்கின் வாழ்க்கையை வாராவாரம் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் மூணாங் கிளாசோடு நின்றவன். என் தங்கை சைதூனைக் கட்டிய மச்சான் ரஹ்மத்துல்லா எட்டு வரை படித்தவர், எங்கள் வார்டுக்குக் கட்சிச் செயலாளர். வெள்ளிக்கிழமை உங்கள் புத்தகம் வந்ததும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசிப்பார். வாசிப்பதோடு விட்டால் பரவாயில்லை, பூ சாங் செய்ததையெல்லாம் தானும் செய்வார். பூ சாங் இளவயதில் ஓர் இழவு வீடு விடாமல் போனார் என்று போட்டீர்கள்; மச்சான் சின்னாளபட்டி வரை போய் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் அழுதார். பூ சாங் உறுப்பினர் முந்நூறு பேரின் பெயரையும் மனப்பாடம் செய்தார் என்று போட்டீர்கள்; மச்சான் மனப்பாடம் செய்த வேகத்தில் என்னையே அப்பாஸ் என்று கூப்பிட்டார். பூ சாங் கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவார் என்று போட்டீர்கள். மச்சான் காத்திருந்து எழுந்தபோது மைக்செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் சிரித்தேன். இனிமேல் சிரிப்பு இல்லை. எங்கள் தெருக் கிணறு உப்புக் கரிக்கும். பெண்கள் அடுத்த தெருக் குழாய்க்குப் போய், அந்தத் தெருக் கருப்பம்மாளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் குடிதண்ணீர் கொண்டுவர வேண்டும். மச்சான் நாலு வருஷம் அலைந்து, டவுன் செயலாளர் அந்தோணிமுத்துவைப் பிடித்து, எங்கள் தெருவுக்கு ஒரு குழாய்க்கு வழி பண்ணினார். இருபதாம் தேதி அதிகாரி வருகிறார், வார்டு செயலாளர் கூட நின்று இடம் காட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்துப் போன வெள்ளிக்கிழமை என்ன போட்டீர்கள்? மேடையில் நாற்காலி தரவில்லை என்று பூ சாங் ராஜினாமா எழுதி வைத்துவிட்டு நடந்தார், 'பின்னால் காலடிச் சத்தம் கேட்டது' என்று எழுதித் 'தொடரும்' போட்டுவிட்டீர்கள். மச்சானுக்கும் போன கூட்டத்தில் பெஞ்சுதான் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலமே ராஜினாமா கொடுத்துவிட்டார்!

"என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீக?" என்றேன்.

"இரு மைதீனு. செத்த நேரத்துல கட்சியே வாசல்ல வந்து நிக்கும் பாரு."

ஏழு நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். வரப்போகிற தலைவர்களுக்கென்று சைதூன் தினமும் டீ போட்டு, ஆறியபின் தானே குடித்தாள். இன்றைக்குத் தபால்காரர் வந்தார், உங்கள் புத்தகத்தோடு. மச்சான் சத்தமில்லாமல் வாசித்தார்.

"வாய்விட்டுத்தான் வாசிங்களேன்."

"கண்ணு வலிக்குது மைதீனு."

பிடுங்கி நானே எழுத்துக் கூட்டினேன். காலடிச் சத்தம், ராஜினாமா பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுக்க வந்த ஆளுடையதாம்! அதற்குப் பிறகு பூ சாங் பதினோரு வருஷம் முட்டைக்கோசு பயிர் பண்ணினாராம்! ஏனய்யா, இந்த ரெண்டு வரியையும் அந்த வாரமே போட்டிருந்தால் உம்ம மை வற்றிப்போகுமா? ஆளை ராஜினாமா பண்ண வச்சுட்டு அப்புறமா முட்டைக்கோசுன்னு சொல்றது என்ன நியாயம்? "ஏத்தா சைதூனு, ஒங்க வீட்டுச் சீனாக்காரரு கொழா போட்டுட்டாரா?" என்று கருப்பம்மாள் கேட்கிறாள். என் தங்கை குடத்தோடு தலை குனிந்து வருகிறாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தொடரை உடனே நிறுத்தவும். தப்பு முழுக்க உங்களுடையது என்று எங்கள் கட்சிக்கும் ஒரு கடிதம் எழுதவும்.

உங்கள் வீட்டுக் குடங்கள் நிறைந்திருக்க துஆச் செய்கிறேன். உங்களுக்காக இல்லை, அதைச் சுமக்கிறவர்களுக்காக.

இப்படிக்கு,
மைதீன் பிச்சை

பி.கு. ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். அந்தோணிமுத்து இப்போதுதான் வந்தார். மச்சான் சட்டையை நீவிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் மச்சானுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேரே என் கடைக்குள் நுழைந்து, "ராவுத்தரே, இருவதாந் தேதி எடங்காட்ட ஆளில்ல. நீங்களே செயலாளரா இருந்துருங்க" என்றார். சரி என்றுவிட்டேன். குழாய்க்குச் சைதூன் வாசலைத்தான் காட்டப்போகிறேன். ஆகையால் மேலே எழுதிய எதையும் அச்சுப் போட வேண்டாம், தொடரையும் நிறுத்த வேண்டாம். பூ சாங் பதவிக்கு வந்த முதல் வாரம் என்ன செய்தார் என்று போட்ட புத்தகத்தை மட்டும் அடுத்த தபாலில் அனுப்பவும். மச்சானிடம் இருக்கிறது, தரமாட்டேன் என்கிறார்.