பைத்தான் ஏறவில்லை, மாப்பிள்ளை

சோமனூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை பாலகோபால் அவர்களுக்கு, மாமன் செங்கோட்டையன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் தறிகளும் சுகம். பெங்களூரில் உங்கள் சுகமும் எங்கள் மகள் லோகப்பிரியா சுகமும் அறிய ஆவல். கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே வீடியோவில் வந்து, "திரையைக் காட்டுங்க மாமா" என்பீர்கள். ஆகவே கடிதம்.

கட்டம் போட்ட துணிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த டிசைன் புரோகிராமுக்குப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி புதுசாக வேண்டும், நம் பழைய கம்ப்யூட்டருக்கு ரெடிமேடு ஒத்துவராது, நூலை வாங்கி வீட்டில் நெய்கிற மாதிரி சோர்ஸ் கோடை இறக்கி இங்கேயே கம்பைல் செய்யவேண்டும் என்றீர்கள். சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். தறியில் பாவு நூல் ஓடுகிற மாதிரி வரி வரியாக ஓடியது. நடுவில் 'வார்னிங்' என்று ஒரு வரி வந்ததுங்க. தறிக்காரன் கை சும்மா இருக்குமா? இழை அறுந்தும் நிறுத்தாமல் விட்டால் துணி முழுக்கக் கோடு விழுந்துவிடும். சுவிட்சை அணைச்சுப்போட்டேன். மறுபடி ஓட்டினேன், இன்னொரு வார்னிங், மறுபடி அணைச்சேன். பக்கத்துத் தறிக்குடோன் ரசாக் பாய் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஓடட்டும்னு உட்டுத்தான் பாருங்களேன்" என்றார். "குத்தம் தெரிஞ்சும் ஓட்டச் சொல்றீங்களா பாய்?" என்று கேட்டேன். மனுசன் டீயைக் குடிச்சுப்போட்டு அவர் தறியைப் பாக்கப் போயிட்டாருங்க. அப்புறம் ஒரு நாள் வார்னிங்கே இல்லாம நல்லா ஓடிட்டு இருந்துச்சு, கரண்ட் போயிருச்சு.

"ஏறிட்டா நான் வரவேண்டியதில்லை, ஏறலைன்னா ஆடி நோம்பிக்கு நேர்ல வந்து பாக்கறேன்"னு நீங்கதான் சொன்னீங்க. ஏறலைங்க. கல்யாணமாகிப் போனதிலிருந்து எங்க அம்மணி லோகப்பிரியா ஒரு நோம்பிக்கும் ஊட்டுக்கு வரலை. நீங்க வாரப்ப அப்படியே அவளையும் கூட்டிட்டு வந்தா, கம்ப்யூட்டருக்குத் துணையா இருக்கும். அத்தை இனிப்புக் கச்சாயம் சுடறாளாம். வேப்பமரத்துல ஆடறதுக்குத் தூரியும் கட்டியாச்சு, அது சும்மா கட்டினதுதானுங்க.

குலதெய்வம் புண்ணியத்தில் உங்கள் இருவர் வாழ்க்கையிலும் ஒரு வார்னிங்கும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்

பின்குறிப்பு: மாப்பிள்ளைங்க, இது அத்தை நாச்சியம்மா எழுதறேன். மாமா கவர் ஒட்டப் பசை தேடிட்டிருக்கார். பைத்தான் போன வாரமே ஏறிப்போச்சுங்க. அவர் குளிக்கப் போன நேரம் நான் அணைக்காம உட்டேன், அதுபாட்டுக்கு முடிஞ்சிருச்சு. இப்ப உங்க டிசைன்லதான் தறி ஓடுது, ஓட்டறதே அவர்தான். மகளைப் பாக்கணும்னு வாய்விட்டுக் கேக்க அவருக்குக் கூச்சம். ஒண்ணும் தெரியாத மாதிரி அவளோட வந்து, ஒரு வாரம் இருந்து ரிப்பேர் பண்ணுங்க.