தொடாமல் எண்ணிய யானைகள்

காட்டுக்குப் போய் யானையை எண்ணியவர்கள் உலகில் பலர் உண்டு. காட்டு யானையே இல்லாத மாவட்டத்தில் எண்ணிக் காட்டிய பெருமை எங்கள் செங்கல்பட்டு வனத்துறை அலுவலகத்துக்கே உரியது. அங்கே கோப்பு எழுதுபவன் நான். ஆகவே அடக்கமாகவே சொல்கிறேன்.

மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. "யானையைத் தொடாமல், அது போட்ட லத்தியை மட்டும் எடுத்து, மரபணுச் சோதனை மூலம் கணக்கிடவும்." இங்கே யானை இல்லை என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். அதிகாரி உலகநாதன் பதறிப்போனார்.

"யோவ், இல்லைன்னு எழுதினா திட்டமும் இல்ல, ஜீப்பும் இல்ல. லத்தி கெடைக்கட்டும்யா, யானை தானா வரும்."

கிடைத்தது. முட்டுக்காட்டில் நான்கு, மாமல்லபுரத்தில் பதினொன்று, திருக்கழுக்குன்றம் அடிவாரத்தில் ஒன்பது, கடப்பாக்கம் வரை இன்னும் பதினேழு. ஆக, நாற்பத்தொரு 'யானைகள்'. கையுறை மாட்டி அத்தனையும் குப்பியில் அள்ளியவர் தினக்கூலி எல்லம்மாள். அவருக்கு அறிவியல் மனப்பான்மை போதாது.

"சார், அல்லாம் ஒரே யானை போட்டது சார். பாகன் வரதன், ஆசீர்வாதத்துக்கு ஊரூரா இட்டுக்கினு சுத்துறானே, அலமேலு, அதான். முன்னங்காலு புண்ணாகி நொண்டிக்கினு கீது. ஒரு டாக்டர இட்டாந்து காட்டு சார், புண்ணியமாப் போவும்."

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர் வந்தா ஊசி போடுவார். ஊசி போட்டா தொட்ட மாதிரி. தவிர, அது வளர்ப்பு யானை. நம்ம கணக்குல வராது."

"லத்தி மட்டும் வருதா சார்?"

இந்தக் கேள்வி கோப்பில் பதிவாகவில்லை.

மறுவாரம் வரதனே அலமேலுவை அலுவலக வாசலுக்கு நடத்தி வந்துவிட்டான். "அண்ணாத்த, மூணு நாளா சரியா துன்னல. எதுனா பண்ணுங்க, கால்ல வுழறேன்" என்று அழுதான். அப்போது அலமேலு லத்தி போட்டாள். மொத்த அலுவலகமும் குப்பியோடு எழுந்து ஓடியது. "நாப்பத்திரண்டு!" என்று கத்தினார் உலகநாதன்.

அலமேலு புண்ணான காலைத் தூக்கிக் காட்டியபடி நின்றாள். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. லத்தி பின்பக்கம் கிடந்தது.

நாற்பத்திரண்டு யானைகளுக்காகப் பாராட்டு விழா நடந்தது, ஜீப்பும் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஆய்வக முடிவு வந்தது: எல்லா மாதிரிகளும் ஒரே பெண் யானையுடையவை. படிவத்தில் 'ஒன்று' என்று திருத்தப் போனேன்.

"அதுவும் தப்பு சார்," என்றார் எல்லம்மாள். "கடப்பாக்கத்துல வுழுந்து எய்ந்திருக்கல. பொதச்சிட்டாங்க."

எண்ணிக்கையில்தான் பிழை, செய்முறையில் பிழையில்லை என்று எழுதச் சொன்னார் உலகநாதன். எழுதினேன். சத்தியமான வார்த்தை. எங்கள் வாசலில் அவள் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரமும், விதிப்படி, நாங்கள் ஒருவர்கூட அவளைத் தொடவில்லை.