மருமகன் வைத்துப்போன கம்ப்யூட்டரும் மாரிசாமிக்கு வந்த பலகையும்

பசறை வீதி,
பதுளை.
1987 மார்ச்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மருமகன் ஷுக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா இப்றாஹீம் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் மகள் ஸவாஹிராவும் நலம். கொழும்பில் நீயும் என் தங்கச்சியான உன் உம்மாவும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். நலம் என்று எழுதியது கடிதத்துக்குக் கொடுக்கும் மரியாதைக்காக. உள்ளதைச் சொன்னால் எனக்கு அலுத்துப்போய்விட்டது. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது என் தட்டச்சுக் கடையில் நீ ஆசையாய் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான் காரணம். அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்து அதன் விசைகளை யாரும் மாற்ற முடியாதபடி ஒரே ஒழுங்கில் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போ. இல்லையென்றால் வீரசிங்கம் ஐயா திரும்பி வரமாட்டார். அவர் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். என் ஆங்கிலம் கடைப் பெயர்ப்பலகை வாசிக்கத்தான் போதும் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்துச் சனம் மேனேஜர் தொரைக்கு ஆங்கிலத்தில் மனு எழுத மலையிறங்கி வருவது ஐயாவை நம்பித்தான், என்னை நம்பியல்ல.

புறப்படும்போது நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "மாமா, இதுல எந்த வேலைய எந்தக் கீயில வேணுமெண்டாலும் வெச்சிக்கேலும். அவங்கவங்கட வசதிதான்" என்றாய். கண்ட்ரோல் என்ற விசையோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் எழுதியது பத்திரமாகும், வேறோர் எழுத்தென்றால் அழியும், இன்னொன்றை அழுத்தினால் 'மிகப் பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று முழு வசனமே வந்து விழும் என்று காட்டினாய். அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மெஷினும் மூன்று பேருமுள்ள கடையில் அவரவர் வசதி என்று சொல்லிவிட்டு நீ ரயிலேறிவிட்டாய் பார், அங்கேதான் என் நிம்மதியும் ஏறிப்போனது.

என் ஏற்பாடு எளிமையானது. பத்திரப்படுத்துவது நல்ல காரியம், அதனால் வலப்பக்கத்தில் வலது கைக்கு வைத்தேன். அழிப்பதை இடப்பக்கத்துக்குத் தள்ளினேன். சாப்பிடுவதும் கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால் என்று வளர்ந்தவன் நான், மெஷினுக்காக அதை மாற்றுவானேன். முதலில் ஐயாவும் சம்மதமாகத்தான் இருந்தார். தீபாவளி லீவு முடிந்து வந்ததிலிருந்துதான் மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். நான் காலையில் கடை திறந்ததும் விசைகளை என் ஒழுங்குக்குக் கொண்டுவருவேன், மறுநாள் பார்த்தால் பத்திரப்படுத்துவது, வசனங்கள், எல்லாமே இடப்பக்கம் குடிபோயிருக்கும். கேட்டால், "மெஷின் புதுசுங்க மொதலாளி, பழகணும்ல" என்பார். ஸவாஹிராவைக் கேட்டால், "கரண்ட் போய் வந்தா அப்பிடித்தான் வாப்பா" என்பாள். நீ கரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று யோசித்தபடி நான் திரும்பவும் மாற்றுவேன். இது போதாதென்று முன்பெல்லாம் என்னோடு உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டவர், இப்போது பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். தேநீரைக்கூட இடது கையால் வாங்குகிறார். இத்தனை காலம் பழகிய மனிதர், நான் என்ன குறை வைத்தேன் என்று மனம் நொந்துதான் போனது.

இந்த இழுபறிக்கு நடுவில் வந்து மாட்டினார் மாரிசாமி. நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவர், கூரை ஒழுகுகிறது, தகரம் கேட்டுத் தொரைக்கு எழுத வேண்டும் என்று வந்தார். ஐயா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வெளியே போயிருந்த நேரம். கூரை ஒழுகும் வசனம் எந்த விசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், காலையில் நானே வைத்ததுதானே. பெயரைச் சேர்த்து, விசையை அழுத்தி, அச்செடுத்து, கைநாட்டும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதற்குள் விசை மாறியிருந்ததை நான் எப்படி அறிவேன்? அந்த விசையில் ஆங்கிலத்தில் இருந்தது, 'என் அன்பு மனைவி காலமானதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன்' என்ற வசனம். அடுத்த கிழமை மாரிசாமி திரும்பி வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "தகரம் கேட்டேன், சவப்பொட்டி செய்யப் பலகை வந்துச்சுங்க. தொரையே கூப்புட்டு வருத்தம் சொன்னாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. பலகை நல்ல பலகைதான், கூரைக்கு அடிச்சிட்டேன். ஆனா என் சம்சாரம் பெரியாயி பேர, வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல வெட்டிட்டாங்க. கொழுந்து பறிக்கப் போனா, நீதான் செத்துட்டியேன்னு கணக்கப்புள்ள வெரட்டுறாராம்" என்றார். பெரியாயி அவருக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதே கிழமை ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் இடமாற்ற விண்ணப்பத்தில், 'சமையல், துணி துவைத்தல், குழந்தை பராமரிப்பில் நல்ல அனுபவம் உண்டு' என்று விழுந்துவிட்டது. சவூதிக்குப் போகும் பெண்களுக்காக ஸவாஹிரா வைத்திருந்த வசனம் அது. தலைமையாசிரியர் தபாலில் போட்ட பிறகுதான் பிரதியை வாசித்திருக்கிறார். இப்போது என் கடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார்.

இனிப் பொறுக்க முடியாது, எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு என்று முடிவெடுத்தேன். ஓர் அட்டையில் விசைகளை வரைந்து, நல்ல காரியங்களுக்குப் பச்சை, அழிப்பதற்குச் சிவப்பு என்று கடதாசி ஒட்டி, சுவரில் மாட்டி, இருவரையும் உட்காரவைத்துத் தேநீரும் மீன் வைத்த மாலுபாணும் வாங்கிவைத்துப் பேசினேன். ஐயா மாலுபாணைத் தொடவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரிங்க மொதலாளி. பத்திரப்படுத்துறதும் வசனமும் மட்டும் இந்தப் பக்கம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். எனக்கு இத்தனை நாள் அடக்கியது பொங்கிவிட்டது. "ஒரு ஆளுக்காகக் கடைய எடது பக்கம் திருப்பேலாது ஐயா. எடது கையால நல்ல காரியம் செய்ற பழக்கம் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்தார். விசைப்பலகையைத் துடைத்து உறையைப் போட்டார், குடையை எடுத்தார், தம் ஊரான தெமோதரைக்கு பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து ஆள் வரவில்லை. ஸவாஹிரா தேநீரை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். என்ன என்று கேட்டால், "வாப்பாவுக்கு ஒண்டும் தெரியா" என்கிறாள்.

கடைக்கு வருகிற சனம் எட்டிப் பார்த்து, "ஐயா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போகிறது. பெரியாயி தினமும் வந்து வாசலில் கிடக்கும் மர வாங்கில் உட்காருகிறாள். ஒரு பெண் உயிரோடிருக்கிறாள் என்று தொரைக்கு எழுதக்கூட ஐயா இல்லாமல் முடியவில்லை. நானும் ஸவாஹிராவும் எழுதிப் பார்த்தோம், வாசித்தால் அவள் இரண்டாம் முறை காலமானது போல இருக்கிறது. ஆகவே நீ உடனே வந்து எல்லா விசைகளையும் என் அட்டைப்படியே பூட்டிவிடு. மெஷினே அப்படித்தான் என்று ஆகிவிட்டால் ஐயாவின் பிடிவாதத்துக்கு வேலையில்லை, அவரும் கோபம் தணிந்து வந்துவிடுவார்.

உம்மாவுக்கு என் ஸலாம். உன் தொழிலில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் தந்து, அடுத்தவர் கடையில் மெஷின் வைக்கும் எண்ணத்தை உன்னிடமிருந்து அல்லாஹ் எடுத்துவிடுவானாக.

அன்புள்ள மாமா,
இப்றாஹீம்

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. கை வலிக்க எழுதியதால் கிழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடித உறையை ஒட்டப்போகும் நேரம் ஐயாவின் மனைவி லெட்சுமி, அவரிடமிருந்த கடைத் திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். "இனி அவரால வரமுடியாதுங்க" என்று மேசையில் வைத்தாள். அப்படி என்ன கோபம் என்று கேட்டேன். "கோவம் இல்லைங்க. தீவாளி கழிஞ்ச மழையில இருந்து வலது கை மரத்துப் போச்சு. சோத்தக்கூடப் பெசைய முடியல, எடது கையில கரண்டி புடிச்சுத்தான் சாப்புடுறாரு. உங்க முன்னால அப்படிச் சாப்புட வெக்கம். கை போன ஆளுக்கு யாரு வேல குடுப்பாங்கன்னு பயந்துகிட்டு, சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் உங்க மகக்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாருங்க" என்றாள். நான் ஸவாஹிராவைப் பார்த்தேன். காலையில் நான் மாற்றும் விசைகளையெல்லாம் நான் அசந்த நேரம் பார்த்து ஐயாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றிவைத்தது அவள்தான். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே நான் தெமோதரைக்குப் போனேன். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. "ஐயா, அட்டையக் கழட்டிட்டேன், வாங்க" என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டார். வந்த கையோடு பெரியாயி உயிரோடு இருக்கிறாள் என்று தொரைக்கு எழுதினார், இரங்கல் தெரிவித்து அனுப்பிய பலகைகளைத் திருப்பிக் கேட்பது முறையல்ல என்று ஒரு வரியும் சேர்த்தார். பெரியாயி நேற்றிலிருந்து கொழுந்துக்குப் போகிறாளாம்.

ஆகவே நீ கட்டாயம் வர வேண்டும், ஆனால் ஐயாவைக் கொழும்பில் நல்ல டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போவதற்கு. மெஷினைத் தொடாதே. எங்கள் கடையில் எல்லோருக்கும் இப்போது ஒரே ஒழுங்கு, எல்லாம் இடப்பக்கம். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை, இன்று காலையும் ஒரு மனுவை அழித்துவிட்டேன். ஐயா திரும்ப அடித்துக் கொடுத்தார். தேநீர் வந்ததும் நான் அவருடைய கோப்பையை இடது கைப்பக்கமாக வைத்துவிட்டு, என் சாப்பாட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.