மலைக்காவல், ஏழாம் பதிப்பு

பெட்டிக்குள் எல்லாம் இருந்தது. எப்படி விளையாடுவது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை.

பொன்னுராஜ் இதைக் கண்டுபிடித்த இடம் சரியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், நூலா பொருளா நிர்ணயப் பிரிவில், கண்காணிப்பாளர் சுயம்புலிங்கத்தின் மேசைமேல் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தார். மணி நாலு. அஞ்சுக்குள் 'நூல்' என்று கையெழுத்து விழாவிட்டால் அவருடைய 'மலைக்காவல்' சாகும்வரை 'விளையாட்டுச் சாமான்'. சாமானை எந்த நூலகம் வாங்கும்? மம்சாபுரம் நூலக அலமாரியில் தன் புத்தகம் ஒன்று நிற்க வேண்டும் என்பது இந்த ராஜபாளையத்து அச்சகக்காரருக்கு முப்பது வருட ஆசை.

முப்பது வருடத்துக்கு முன் முதல் பதிப்பு பதினாறு பக்கம், ரெண்டு பின். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் காவல்காரனாகவோ கள்ளனாகவோ கரடியாகவோ இருந்துகொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை. சனங்கள் விளையாடினார்கள்.

ரெண்டாம் பதிப்பில் சந்தேகங்களுக்கு விளக்கம் சேர்த்தார். மூன்றாம் பதிப்பில், விளக்கங்களால் வந்த சந்தேகங்களுக்கு விளக்கம். நானூறு பக்கம், கெட்டி அட்டை. கரடிக்கு மட்டும் நாற்பது பக்கம். நாலாவது பிடிஎஃப், எல்லோரிடமும் இருந்தது, யாரும் திறக்கவில்லை. ஐந்தாவதை எழுதும் முன்பே இணையத்தில் ஆதரவாளர்கள் முன்பணம் கட்டி வாங்கிவிட்டார்கள். எழுதிய பிறகு படிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆறாவது வெளிவந்த அன்றே ஏழாவது வரப்போவதாக அறிவித்ததால், ஆறாவது அன்றே பழசு.

ஏழாவது, அக்கா மகன் கௌதம்ராஜின் கைவரிசை. பெங்களூரில் அவன் 'அனுபவ வடிவமைப்பாளர்'. என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, சம்பளம் தெரியும். வெல்வெட் துணி, பித்தளைப் பகடை, கரடி பொம்மை ஒன்பது, துணியில் அச்சிட்ட மலை வரைபடம், அதைச் சுருட்டிவைக்கத் தோல் குழாய். பெட்டியை ஆட்டோவில்தான் ஏற்றிவர முடிந்தது.

"புத்தகம் எங்கடா?" என்றார் பொன்னுராஜ், பக்கத்தில் நின்ற அவனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாமா, இப்ப யாரு புத்தகத்தப் பெட்டிக்குள்ள வைக்கா? ஆப்ல இருக்கு. வாராவாரம் மாறிக்கிட்டே இருக்கும். அதான் மாமா அழகே."

ஆப்பைத் திறந்தான். புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பித்தான். சந்தா முடிந்துவிட்டதாகச் சொன்னது. அவனே செய்த ஆப்.

சுயம்புலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவசரப்படாத மனிதர். அவசரப்பட வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம்தானே நிற்கிறார்கள்.

"இதுல ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க சார்."

"தோக்கிறது?"

"அதுவும் கிடையாது."

"அப்ப இது விளையாட்டில்ல."

"நல்லதாப் போச்சு. நூலுன்னு போட்ருங்க சார்."

"நூலுன்னா கடைசியில கதை என்ன ஆகுது?"

"அது விளையாடுறவங்க இஷ்டம்."

"அப்ப அவங்கதான் ஆசிரியர். அவங்ககிட்டல்லாம் ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாரும்."

"யாரு விளையாடப் போறாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரிஞ்ச பொறவு வாரும்." கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. "விதிப்படி உமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. செயல்முறை விளக்கம். விளையாடிக் காட்டும்."

பொன்னுராஜ் பகடையைக் கையில் எடுத்தார். முதல் பதிப்பில் ஆறு விழுந்தால் பள்ளத்தைத் தாண்டலாம். மூன்றாம் பதிப்பில் காற்றின் திசையைக் கழிக்க வேண்டும். ஐந்தாவதில் ஆறே கிடையாது. ஏழாவதில் போன வாரம் என்ன இருந்தது? எழுதியவருக்கே மறந்துவிட்டது.

டீ கொண்டுவந்த இசக்கியம்மாள் கிளாஸ்களை வைத்துவிட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். அலுவலக உதவியாளர். பத்தொன்பது வருட சர்வீஸ்.

"என்னண்ணே இது?"

பொன்னுராஜ் நாலே வாக்கியத்தில் சொன்னார். கதை சொல்வது, ஆளாக இருப்பது, சந்தேகம், பகடை.

"இம்புட்டுதானா? இதுக்கா ஆட்டோ?" என்றவர், சூப்பிரண்டு சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சிவனாண்டி. வயசு அறுபத்தெட்டு. ஊரு வத்திராயிருப்பு. முட்டிவலி. கையில மனு, இந்தா." மேசையில் கிடந்த பொன்னுராஜின் படிவத்தையே எடுத்து அவர் கையில் திணித்தார். "இந்த ஆபீஸ் வாசல்ல நிக்கீக. என்ன செய்வீக?"

"உள்ள போவேன்."

"சூப்பிரண்டு சீட்ல இல்ல."

"எங்க போயிட்டாரு?"

"அதச் சொல்ல மாட்டோம். உருட்டுங்க."

ரெண்டு விழுந்தது.

"நாளைக்கு வரச் சொல்லுதாக. கடைசி பஸ் போயிட்டு. மறுநாள் வாரீக. நகல் எடுத்துட்டு வான்னு சொல்லுதாக."

"எடுத்துட்டு வாரேன்."

"அந்த நகலுக்கு நகல் எங்கன்னு கேக்காக."

"எவன் கேக்கான்?"

"நீங்கதான் சார் போன மாசம் சுற்றறிக்கை விட்டீக. உருட்டுங்க."

ஒண்ணு.

"மதியச் சாப்பாட்டு நேரம். செத்த நேரம் உக்காருங்க. பெஞ்சு இல்ல."

சுயம்புலிங்கத்தின் காது சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். முட்டியைத் தடவிக்கொண்டார். அவருக்கு முட்டிவலியே கிடையாது.

"ஒரு கையெழுத்துக்கு மனுசன எம்புட்டு நேரம் நிக்க வைப்பீக? இரக்கமே இல்லியா? அந்த ஆளு வர வேண்டாம். அவன் கையெழுத்த நானே போட்டுக்கிடுதேன்! முடியுமா முடியாதா?"

"உருட்டிப் பாருங்க."

ஆறு.

பேனாவைப் பிடுங்கினார். படிவத்தில் சூப்பிரண்டு கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டார். அசலைப் போலவே இருந்தது. மை காயும் முன் இசக்கியம்மாள் டப்பென்று ஆபீஸ் முத்திரையைக் குத்தினார்.

"ஏம்மா," என்றார் சுயம்புலிங்கம், மெதுவாக உட்கார்ந்தபடி, "இது விளையாட்டா, நெசமா?"

"அஞ்சு மணியாச்சு சார்."

மலைக்காவல் நூலானது.

அறிக்கையில் 'குறையை நிவர்த்தி செய்தவர்' என்ற கட்டத்தில் சுயம்புலிங்கம் தன் பெயரை எழுதினார். கௌதம்ராஜ் வாசலுக்கு வரும் முன்பே இந்த வெற்றிக்கு இணையத்தில் தன் பெயரைப் போட்டு, எட்டாம் பதிப்பையும் அறிவித்துவிட்டான்: 'அலுவலகப் படலம்', அறுநூறு பக்கம். பொன்னுராஜ் முதல் பதிப்பு எழுதிய தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மூன்று பேரும் குடித்துவிட்டு வைத்த கிளாஸ்களைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தது இசக்கியம்மாள்.