மூன்று இடம் பிடித்தவன்

ஹரீஷ் தன் தாய்மாமன் தங்கராஜுவுக்கு ஆறாயிரம் மலேசிய வெள்ளி கடன்பட்டிருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் இனத்தார் தாமாகச் சொல்லமாட்டார்கள். எந்த இனம் என்கிறீர்களா? மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும் இனம். படிப்பவர்கள் வேறு. இவர்கள் தேர்ந்தெடுப்பவர்கள்.

பினாங்கில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு, பேங்கில் பெரிய நாற்காலி வேண்டுமென்றால் பொருளாதாரமும் நிதியும் சேர்ந்த மாஸ்டர்ஸ் வேண்டும் என்று கண்டுபிடித்து, கல்விக் கண்காட்சி நடக்கும் ஹோட்டல் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கி, கட்டணம், தரவரிசை, படித்தவர்களின் சம்பளம், ஊரின் குளிர் என்று மடிக்கணினியில் இருபத்து மூன்று பத்தி கொண்ட அட்டவணை போட்டு, பச்சை மஞ்சள் சிவப்பு தீட்டி, மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஹரீஷும் திருத்தினான். சேரவில்லை. கண்காட்சியில் கொடுத்த, பல்கலைக்கழகப் பெயர் அச்சடித்த இலவசப் பைகளில் அவன் அம்மா குணவதி பசாரிலிருந்து மீன் வாங்கி வந்தாள். அந்த மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது ஒரு கிலோ கானாங்கெளுத்திதான்.

தங்கராஜு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பக்கத்து ஊரான பிறையில் மூட்டை ஏற்றி, இன்று ஏழு லாரிக்கு முதலாளி. முதல் லாரியைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது: டயரை உதைத்தார், அடியில் குனிந்து பார்த்தார், பணத்தைக் கொடுத்தார். அப்படிப்பட்டவரிடம்தான் மருமகன் வந்து நின்று, படிக்க இடம் பிடித்து வைக்க முன்பணம் என்று ஆறாயிரம் வாங்கிப் போனான்.

இரண்டு மாதம் கழித்து மாமா கேட்டார்.

“எங்கடா சேர்ந்த?”

“மூணு இடம் பிடிச்சிருக்கேன் மாமா. கோலாலம்பூர், சிங்கப்பூர், இங்கிலாந்து. இடத்துக்கு ரெண்டாயிரம்.”

“ஏன்டா, உட்கார்றதுக்கு உனக்கு எத்தனை பின்பக்கம் இருக்கு?”

“ரிஸ்க்கைப் பிரிச்சுப் போடணும் லா. பைனான்ஸ்ல அதுதான் முதல் பாடம்.”

“சேரலைன்னா காசு திரும்ப வருமா?”

“வராது. ஆனா தேதி முடியறவரைக்கும் சாய்ஸ் நம்ம கையில இருக்கு மாமா.”

தேதி முடிந்தது. மூன்று இடமும் போயின. ரிஸ்க்கைப் பிரித்தவன் நஷ்டத்தை மட்டும் ஒன்றுவிடாமல் சேர்த்துக்கொண்டான். இதற்கிடையில் ஒரு பேங்க், கவுண்டர் வேலைக்குக் கூப்பிட்டது. கவுண்டரிலா? மாஸ்டர்ஸ் முடித்து மேல்மாடிக்குப் போகப் போகிறவன் கீழே நின்று காசு எண்ணுவதா? போகவில்லை.

“என் ஆறாயிரம் கடலுக்குள்ள போச்சு,” என்று தங்கராஜு கோப்பிக் கடை கோப்பிக் கடையாக முழங்கினார். “படிச்சவன்கிட்டதான் லா காசு கொடுக்கக் கூடாது!”

தான் போகாத ஊருக்கு வழி சொல்வதில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை. அடுத்த வருடம் ஹரீஷ் ஒரு கடைவீட்டு மாடியில் அறை பிடித்து, ‘மேற்படிப்பு ஆலோசகர்’ என்று பலகை மாட்டினான். அதே அட்டவணை. ஒரு தடவை உட்கார்ந்து பேச இருநூறு வெள்ளி. பெற்றோர்கள் படிக்கட்டில் வரிசை கட்டினார்கள். எட்டு மாதத்தில் மாமாவை வரச் சொல்லி ஓர் உறையை நீட்டினான்.

தங்கராஜு எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். ஆறாயிரம். சரியாக இருந்தது. திட்டுவதற்கென்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது. சுவரில் அட்டவணை. பச்சை, மஞ்சள், சிவப்பு. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“டேய்... என் மக சாந்தினி இந்த வருஷம் டிகிரி முடிக்கிறா. பேங்குக்குப் போகணுங்கிறா. எந்த மாஸ்டர்ஸ்ல போடலாம்?”

“சொந்தக்காரங்களுக்கும் அதே ரேட்டுதான் மாமா.”

சிரிக்கிறீர்களா? உங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பையைத் திருப்பி, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

தங்கராஜு உறையைத் திறந்தார். ஹரீஷ் உள்ளங்கையை விரித்தான். ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு.